ஆய்வகப் பாதுகாப்பு உங்கள் கையெழுத்தில் இருக்கிறது

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். அறிவியல் ஆய்வகத்தில் ஒரு விபத்து நடந்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது, "அந்தப் பையன் என்ன செய்தான்?" அடுத்தது, "ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார்?" வேதியியல் கற்பிக்கும் நான் உங்களிடம் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மேசையைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் நின்றார்கள்? பாதுகாப்புக் கண்ணாடி எத்தனை பேருக்கு இருந்தது? குழாயில் தண்ணீர் வந்ததா? மாணவரோ ஆசிரியரோ இவற்றை முடிவு செய்வதில்லை. நீங்கள்தான் செய்கிறீர்கள்.

அடர் கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்வோம். "அமிலத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது" என்று எந்த மாணவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காரணமும் தெரியும்: அந்த அமிலம் தண்ணீரைப் போல 1.84 மடங்கு அடர்த்தியானது. மேலே ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல், அமிலத்தோடு கலக்கும்போது எழும் வெப்பத்தில் அங்கேயே சூடேறிக் கொதித்து அமிலத்தோடு சேர்ந்து முகத்தில் தெறிக்கும். சரி, எல்லாம் தெரிந்த பிள்ளைதான். ஆனால் அடர் அமிலம் எதற்காக மாணவர் மேசைக்கு வர வேண்டும்? பள்ளிச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு நீர்த்த அமிலமே போதும். அதை முன்கூட்டியே தயாரித்து வைப்பது ஆய்வக உதவியாளரின் வேலை. அந்தப் பணியிடம் காலியாகக் கிடந்தால், இரண்டு வகுப்புகளுக்கு இடையே உள்ள இடைவேளையில் ஆசிரியர் அவசர அவசரமாகக் கலக்குவார். அதுவும் முடியாத நாளில் பாட்டில் அப்படியே மேசைக்கு வந்துவிடும்.

கண்ணில் ரசாயனம் பட்டால் உடனே இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்கள் பல அமிலங்களைவிடக் கண்ணுக்கு ஆபத்தானவை. திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மதியத்துக்குள் தொட்டி காலியாகிவிடும் பள்ளியில் அந்த 15 நிமிடத் தண்ணீர் எங்கிருந்து வரும்? பார்வைக்காகப் போடும் சாதாரணக் கண்ணாடியையும் நம்ப வேண்டாம். பக்கவாட்டில் அது திறந்தே இருக்கிறது.

அடுத்து நான் அதிகம் அஞ்சும் விஷயம்: கண்காட்சி நாள். விருந்தினர்கள் வரும்போது ஏதாவது "பிரமாதமாக" செய்து காட்டும்படி ஆசிரியரைக் கேட்கிறோம். அவர் எளிதில் தீப்பற்றும் மெத்தனால் என்ற திரவத்தில் உலோக உப்புகளைக் கலந்து வண்ண வண்ணச் சுடர் காட்டுகிறார். மெத்தனால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டதென நினைத்து பெரிய பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால், ஆவி வழியே தீ பாட்டிலுக்குள் ஏறி, அதன் வாயிலிருந்து சில மீட்டர் தூரத்துக்குப் பீய்ச்சியடிக்கும். எதிரே வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நடந்த விபத்துகளை வைத்து அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2014ஆம் ஆண்டில் ஒரு தனி எச்சரிக்கை அறிக்கையே வெளியிட்டது. இத்தனைக்கும் அந்த நிறங்களைக் காட்ட மெத்தனாலே தேவையில்லை. உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைச் சுடரில் காட்டினால் ஸ்ட்ரான்சியம் சிவப்பும், தாமிரம் பச்சையும், சோடியம் மஞ்சளும் அழகாகத் தெரியும். "இன்னும் பெரிதாகச் செய்யுங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஆசிரியர் ஒன்றைச் செய்ய மறுத்தால் அந்த மறுப்பை மதியுங்கள். எரியும் ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றுவதும் இதே ஆபத்துதான். முழுவதும் அணைத்து, ஆறிய பிறகே நிரப்ப வேண்டும்.

அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர்ச்சீட்டு அழிந்த பாட்டில்கள், யார் எப்போது வாங்கியது என்று தெரியாத டப்பாக்கள் இருக்கும். வெண் பாஸ்பரஸைத் தண்ணீருக்குள் வைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றிவிட்டால் 30 டிகிரி செல்சியஸ் சுமாரிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். ஈரம் காய்ந்துபோன பிக்ரிக் அமிலம் மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கக்கூடும். அப்படியொன்று கண்ணில் பட்டால் யாரும் கைவைக்காமல் அறையைப் பூட்டிவிட்டு, அதைக் கையாளத் தெரிந்தவர்களை அழையுங்கள். பாதரச வெப்பமானிகளை மாற்றிவிடுங்கள். உடைந்தால் பாதரசத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, சிறு துளிகளாகச் சிதறி இன்னும் வேகமாக ஆவியாகும்.

பெருக்குவது என்றதும் சொல்லிவிடுகிறேன்: ஆய்வகத்தைச் சுத்தம் செய்பவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. உடைந்த கண்ணாடியும் ரசாயனம் பட்ட காகிதமும் அவர் கைக்குத்தான் போகின்றன. அமிலம் மிச்சமிருக்கும் தொட்டியில் பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு வரும். பாதுகாப்புப் பயிற்சி நடத்தினால் அவரையும் கூப்பிடுங்கள்.

விபத்துக்குப் பயந்து ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, கரும்பலகையில் படம் வரைந்து முடித்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. இது எனக்கு ஒப்புதலே இல்லை. சோதனைக்குழாயின் வாயை யார் பக்கமும் திருப்பாமல் சூடாக்க, சூடான கண்ணாடி பார்வைக்குக் குளிர்ந்த கண்ணாடி போலவே இருக்கும் என்று உணர, கை பழக வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் கிடைக்காமல் செய்வது அநியாயம்.

அதனால் கேட்கிறேன். செய்முறை வகுப்புக்குப் பிள்ளைகளைச் சிறு பிரிவுகளாகப் பிரித்து அட்டவணை போடுங்கள். ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடிக்கும் உதவியாளர் நியமனத்துக்கும் இந்த ஆண்டே ஒப்புதல் கொடுங்கள். ஒன்று தவறிப் போய் மயிரிழையில் தப்பியது என்று ஆசிரியரோ மாணவரோ வந்து சொன்னால் தண்டிக்காமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் வராத நாளில் செய்முறை வகுப்பை நிறுத்த ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்