பைத்துல்மால் ஆண்டறிக்கை: ஹிஜ்ரி 1446

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, இமாம் ஹஜ்ரத் அவர்களே, பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலின் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எந்தப் பணம் எந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சபைக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. செல்வத்தில் கடமையான ஜக்காத், விளைச்சலில் கடமையான உஷ்ர், நோன்புப் பெருநாளுக்கான பித்ரா, விரும்பிக் கொடுக்கும் ஸதகா, அறத்திற்கென நிறுத்திவைத்த சொத்தான வக்ஃபு என ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரேடு வைத்திருக்கிறோம். ஒன்றில் குறைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போடுவது அமானிதத்திற்குத் துரோகம்.

பள்ளிவாசலுக்கு இன்வெர்ட்டர் வாங்க ஜக்காத் பணத்தைத் தொடலாமே என்று சிலர் கேட்டார்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று குர்ஆனின் தவ்பா அத்தியாயம் எட்டு வகையினரைச் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலில் கட்டடமும் இல்லை, கருவியும் இல்லை. ஜக்காத்தாகிய நாற்பதில் ஒரு பங்கு ஏழையின் கையில் அவருடைய சொந்தப் பொருளாகவே சேர வேண்டும். இன்வெர்ட்டரை ஸதகாவில் வாங்கினோம்.

அந்த எட்டில் கடன்பட்டோரும் உண்டு. மேலத் தெருவில் ஒரு சகோதரி குழுக் கடன் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். வாரத் தவணைக் கட்டங்களில் பாதிக்கு மேல் வெற்றாகக் கிடந்தன. அட்டையின் ஓரம் வியர்வையில் நைந்திருந்தது. அவர் கடனை ஜக்காத்திலிருந்து அடைத்தோம். மறுபடி வட்டிக்குப் போகாதிருக்க, தையல் இயந்திரத்திற்கு ஸதகா நிதியிலிருந்து கர்ளன் ஹசனா கொடுத்திருக்கிறோம். வட்டி இல்லை, முடிந்தபோது முதலை மட்டும் திருப்பித் தந்தால் போதும்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது உஷ்ர். 2024இல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல், வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 கடந்துபோனது. அணை திறந்தது ஜூலை 28இல்தான். போர்வெல் உள்ளவர்கள் மட்டும் குறுவை நட்டார்கள். சம்பாவுக்குக் கல்லணைக் கால்வாய் கைகொடுத்தது. மழையும் ஆறும் பாய்ச்சிய விளைச்சலில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்பது நபிகள் நாயகம் (ஸல்) வகுத்த கணக்கு. உழைப்பும் செலவும் கூடினால் கடமை பாதியாகிறது! ஆகவே ஒரே வயலில் குறுவைக்கு ஒரு பங்கு, சம்பாவுக்கு வேறு பங்கு. இரண்டு தண்ணீரும் பாய்ந்த வயல்களுக்கு, எது அதிகமோ அதைக் கணக்கில் கொள்ளுமாறு ஹஜ்ரத் சொன்னார். நவம்பர் மழையில் பயிர் மூழ்கியவர்களிடம் நாம் கேட்கவில்லை. அவர்களில் இருவர் நம்மிடம் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்; பெயர் சொல்ல மாட்டேன்.

பித்ராவில் ஒரு குறை நேர்ந்தது. பெருநாள் தொழுகைக்கு முன் சேர்ந்தால்தான் அது பித்ரா. பிந்தினால் வெறும் ஸதகா. இரவெல்லாம் அரிசி அளந்து பை கட்டினோம். தொழுது திரும்பிய பிறகு பார்த்தால் தராசுக்குப் பின்னால் ஒரு பை அப்படியே இருந்தது. ஆற்றங்கரையில் தனியே இருக்கும் ஒரு மூதாட்டிக்கு உரியது அது. ஓடிப்போய்க் கொடுத்தபோது அவர் துஆதான் செய்தார். ஆனாலும் தவறு என்னுடையது. வரும் ரமலானில் பெயர்ப் பட்டியலில் குறியிட்டுத்தான் பை வெளியேறும்.

நோன்புக் கஞ்சி ரமலான் முழுவதும் தடையின்றி நடந்தது.

வக்ஃபு தென்னந்தோப்பைப் பற்றி மகிழ்ச்சியோடு சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அதை அடியோடு சாய்த்தது. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) கேட்டபோது, அடிநிலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபிகள் நாயகம் சொன்னார்கள். மரம் போனாலும் நிலம் வக்ஃபாகவே நின்றது. மறுபடி வைத்த கன்றுகள் இப்போது பாளை விட்டுக் குரும்பை பிடித்திருக்கின்றன. தோப்பை யாருக்கும் குத்தகைக்கு விடாமல் நாமே பார்த்துக்கொள்ளவும், முதல் வெட்டின் வருமானத்தை மதரஸா பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கவும் சபையின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்