பழங்கார்களின் பிரேக்கைச் சோதிக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களே, சோதகர்களே,

வணக்கம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் பழைய கார்களின் பவனியும் கண்காட்சியும் நடத்துகிற நீங்கள் பிரேக் விஷயத்தில் இரண்டு கட்சியாக நிற்கிறீர்கள். முன் சக்கரத்தில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்) தெரிந்ததுமே அசல் கெட்டுப்போயிற்று என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறது ஒரு கட்சி. டிரம் பிரேக்கோடு (சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது) வந்தாலே ஆபத்து, டிஸ்க் மாற்றிக்கொண்டு வா என்கிறது மற்றொன்று. இரண்டு பேரும் சக்கரத்துக்குள் என்ன சாமான் இருக்கிறது என்றுதான் பார்க்கிறீர்கள். அந்தச் சாமான் பிடிக்கிறதா என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. பிரேக் வேலையே தொழிலாக உள்ள நாங்கள் கேட்பது இதுதான்: சோதனைத் தாளில் 'டிரம்மா, டிஸ்க்கா' என்ற கட்டத்தை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன சேர்க்கலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

ஒரே ஒரு முறை அவசரமாக நிறுத்துவதில் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரோபோ, அதாவது சிக்னல் விளக்கு, சிவப்பாகிறது, அல்லது மினிபஸ் டாக்சி ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே நிற்கிறது என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோரிஸ் மைனரின் 8 அங்குல முன் டிரம், ஒழுங்காகச் செட் செய்திருந்தால், சக்கரத்தைப் பூட்டிவிடும். பூட்டும் அளவுக்குப் பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது டயரின் கையில். டிஸ்க் போட்டாலும் அதே டயர்தான். பத்து வருடம் பழசான, ரப்பர் கல்லாகிப்போன டயரை வைத்துக்கொண்டு டிஸ்க் கிட்டுக்குச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

வித்தியாசம் சூட்டில்தான் வரும். 1,000 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்குக்குள் போகும் சக்தி சுமார் 247 கிலோஜூல். அதே கார் வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 981 கிலோஜூல் எங்கேயாவது போயாக வேண்டும். இஞ்சினும் காற்றும் தாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் பிரேக் தலையில் விழுகிறது. கியரை நியூட்ரலில் போட்டுக்கொண்டு 100 மீட்டர் இறங்குவது, 80இலிருந்து நான்கு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். வான் ரீனன் கணவாய், ஹில்டனிலிருந்து இறங்கும் டவுன் ஹில், பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் என்று நம் மாகாணத்துச் சாலைகள் அமைந்திருக்கிற விதத்தில் இந்தக் கணக்கை யாரும் தள்ளிவிட முடியாது.

சூடேறியதும் டிரம் மூன்று விதமாகக் கைவிடும். எது நடந்தது என்பதைப் பெடலே சொல்லும். பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வழக்கத்தைவிடக் கீழே போகிறது என்றால் டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகிவிட்டது. பெடல் உயரத்தில், கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. டிஸ்க்கில் முதல் கோளாறு கிடையாது. சூட்டில் டிஸ்க் தடிப்பது அதைக் கவ்வும் பேடை நோக்கித்தான். வெளிக்காற்று நேரே படுவதால் இரண்டாவதும் தாமதமாகவே வரும். மூன்றாவது மட்டும் இரண்டுக்கும் பொது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு தர வரம்பே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. டர்பனின் புழுக்கத்தில் ஆயில் ஈரத்தை வேகமாக இழுக்கும். பழங்காரோ மாதத்தில் இரண்டு நாள் ஓடி, மிச்ச நாளெல்லாம் நிற்கிற வண்டி. கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும்.

அடுத்து டிரம்மை ஒழுங்குபடுத்தும் வேலை. "டிரம் பிடிக்காது" என்ற புகாரோடு வரும் வண்டிகளில் பெரும்பாலும் இது செய்யப்பட்டே இருக்காது. ஒரே அச்சில் உள்ள இரண்டு டிரம்மையும் ஒரே விட்டத்துக்கு லேத்தில் கடைய வேண்டும். ஒன்றை மட்டும் கடைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அமெரிக்க வகை டிரம்களில் அதிகபட்ச விட்டம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும்; பொதுவாகப் பெயரளவைவிட 0.060 அங்குலம், அதாவது 1.5 மி.மீ. கூட. அதைத் தாண்டினால் டிரம் மெலிந்து சீக்கிரம் சூடேறி விரியும். கடைந்த டிரம்முக்குள் பழைய வளைவுள்ள ஷூவை அப்படியே போட்டால் நடுப்பகுதி மட்டும் உரசும். லைனிங்கை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துப் பொருத்தினால்தான் முழு முகமும் படியும். இந்த ஒரு வேலையை விட்டதால் 'டிரம்மே சரியில்லை' என்று பெயர் கெட்ட வண்டிகள் எத்தனையோ.

ஷூ இடம் மாறிப்போவதும் சகஜம். வேலியண்ட் முதலிய கிரைஸ்லர் வண்டிகளின் டிரம்மில் ஒரு ஷூவின் லைனிங் குட்டை, மற்றதன் லைனிங் நீளம். குட்டையானது வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், நீளமானது பின்பக்கம். மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும், பிரேக்கும் ஏதோ பிடிக்கும். அதனால்தான் வருடக்கணக்கில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மோரிஸ் மைனரில் வேறு சங்கதி: முன் டிரம்மின் இரண்டு ஷூவும் முன்னோக்கிச் சுழலும்போது தாமாகவே இறுகும் வகை. ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றைச் சக்கரம் பூட்டும்வரை திருகி, உரசல் நிற்கும்வரை பின்வாங்கி, பெடலை ஓங்கி மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்து, மறுபடி சரிபார்த்த பிறகே அடுத்த அட்ஜஸ்டருக்குப் போக வேண்டும். இந்த வகை பின்னோக்கி உருளும்போது வெகுவாகப் பலம் குன்றும். சாட்ஸ்வர்த் மேடுகளில் நின்று புறப்படும்போது பெடலை நம்பாமல் ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டியதன் காரணம் இதுதான். பின் சக்கரத்தைச் செட் செய்யுமுன் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தியாக வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் ஷூ அட்ஜஸ்டரில் முழுதாக உட்காராது, செட்டிங் பொய்யாகிவிடும்.

டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டில் ஷூ உட்காரும் மேடைகளில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அங்கே சிக்கிக்கொண்டு திரும்பி வராது. கடற்காற்றில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் உட்சுவர் அரித்திருந்தால் புது ரப்பர் போட்டும் கசியும். உள்ளே புது உறை (ஸ்லீவ்) அடிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுகியே இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல் போகட்டும்.

பழைய லைனிங்குகளில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவில் 2008 முதல் அதற்குத் தடை. ஆனால் பழைய பெட்டியில் கிடந்த 'அசல் காலத்து' லைனிங் என்று உதிரிப்பாகச் சந்தைகளில் இன்னும் கைமாறுவது உங்களுக்கும் தெரியும். அசலுக்கு மதிப்பெண் என்ற உங்கள் விதி அதற்கு விலை ஏற்றிவிடக் கூடாது. பழைய டிரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி வையுங்கள்.

டிஸ்க் மாற்றுவதில் எங்களுக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஜாக்குவார் 1953இல் லெ மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்தது; 1955இல் சித்ரோயன் டிஎஸ் வீதிக்கே முன் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. ஃபோர்ட் கார்ட்டினாவின் முதல் வடிவத்திலேயே டிஸ்க் வந்துவிட்டது. அப்படியிருக்க, அதே காலத்து டிஸ்க்கை அதே குடும்பத்து ஆங்கிலியாவில் கண்டு மதிப்பெண் குறைப்பது நியாயமாகப் படவில்லை. எங்களுக்குப் பயம் அரைகுறை மாற்றத்தைக் கண்டுதான்.

டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் உருளை) பெரும்பாலும் ஒரு வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது நிறுத்திவைக்கும். அதை அகற்றாமல் டிஸ்க்கை இணைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே சூடேறும். மோரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், பேடை அழுத்தும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. அங்கே வால்வே இல்லாமல் விட்டாலும் ஆயில் பின்னோக்கி வடிந்து, முதல் மிதி வெறும் மிதியாகப் போகும். அதற்கு 2 பி.எஸ்.ஐ. வால்வு வேண்டும்.

டிஸ்க் தானாக இறுகும் சாதனம் அல்ல; அதே நிறுத்தத்துக்கு அதிக அழுத்தம் கேட்கும். மிதிக்குக் கூடுதல் பலம் தரும் சர்வோ போடாமல் மாஸ்டர் சிலிண்டரை 7/8 அங்குலத்திலிருந்து 3/4 அங்குலத்துக்குச் சிறிதாக்கினால் அழுத்தம் 36 சதவீதம் கூடும், பெடல் போகும் தூரமும் அதே அளவு கூடும். சர்வோ போட்டால் இன்னொரு கணக்கு. அது வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பி வேலை செய்கிறது. டர்பனில் அது சுமார் 101 கிலோபாஸ்கல், ஜோஹானஸ்பர்கில் ஏறத்தாழ 82. கடல்மட்டத்தில் இதமாக இருந்த பெடல் அங்கே கனக்கும். வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை. ஜோஹானஸ்பர்க் போகிற வண்டியை அதற்கேற்றபடி செட் செய்ய வேண்டும்.

முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம் என்று வைத்துச் சர்வோவும் சேர்ந்தால், திடீர் மிதியில் பின் சக்கரம் முதலில் பூட்டி வால் சுற்றும். பின்புற அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை வைத்து, மண் தரையில் மிதித்துப் பார்த்து, முன் சக்கரம் முதலில் பூட்டும்வரை சரிசெய்ய வேண்டும். இடது வலது காலிப்பர்கள் மாறிவிட்டால் ஏர் எடுக்கும் நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் காற்று வெளியேறாது. குழாய் மரையில் ஒரு விபரீதம் உண்டு: 3/8 அங்குல யுஎன்எஃப் மரை நட், மெட்ரிக் 10 மி.மீ. துளையில் ஏறிவிடும். கைக்கு இறுகியது போலத்தான் தெரியும். பலமாக மிதித்த அன்றைக்கு மரை உருவிக்கொள்ளும்.

எந்த வண்டிக்கு எது என்று கேட்டால் எங்கள் கருத்து இது. இஞ்சினை மாற்றாத மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வேகன் 1200 பீட்டில் போன்றவற்றுக்கு அசல் டிரம் போதும். ஓட்டுபவர் இறக்கத்தில் மூன்றாம் கியரில் வந்தால் சரி. 1,200 கிலோவுக்கு மேற்பட்ட, 225 கன அங்குல இஞ்சின் வைத்த வேலியண்டை நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு ஓட்டுவதானால் டிஸ்க் மாற்றுவது நல்லது. கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் போகிற வண்டிக்கு மாற்றுவது வீண்செலவு.

எதை வைத்தாலும், ஆயிலை இரண்டு தனி வழியில் அனுப்பும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். பழைய ஒற்றைச் சுற்றில் ஒரே ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போயிற்று. அது டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் ஒரே விதி. அமெரிக்கக் கார்களில் 1967 மாடலிலிருந்தே இரட்டைச் சுற்று வந்துவிட்டது. அதைப் பொருத்திய வண்டிக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க வேண்டாம். டிஸ்க் மாற்றத்துக்கும் அப்படியே, ஒரே நிபந்தனையோடு: எதையும் அறுக்காமல், வெல்டிங் வைக்காமல், போல்ட்டில் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும், அசல் சாமான்கள் பெட்டியில் பத்திரமாக இருக்க வேண்டும்.

இனிச் சோதனை. பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; கீழே நழுவினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிற்று. சர்வோ இருந்தால், இஞ்சினை அணைத்து நாலைந்து முறை மிதித்து, கால் வைத்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் சற்று இறங்கினால் சர்வோ உயிரோடு இருக்கிறது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மிதித்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள், உடனே விடுபட வேண்டும். ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லை என்று பாருங்கள். பிறகு மூடிய திடலில் 60இலிருந்து 20 வரை பத்து முறை இடைவெளி இல்லாமல் பிரேக் பிடிக்கச் செய்து, பெடல் எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலில் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரே அச்சின் இரு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள். 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வண்டியை இறக்கத்தில் விடாதீர்கள். வண்டிக்குக் கால்மணி நேரம் போதும்.

பவனிப் பாதையில் ஒரு சின்ன மாற்றமும் கேட்கிறோம். ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கி முடிந்ததும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் இழுக்கச் சொல்கிறீர்கள். சூடான டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூ உள்ளே இறுகிக்கொள்ளும், சில சமயம் டிரம்மே வட்டம் கெட்டுப்போகும். இரண்டு மூன்று கிலோமீட்டர் சமதரையில் மெதுவாக ஓடவிட்டு ஆறிய பிறகு நிறுத்துங்கள். கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். கட்டைகளைப் பவனி வண்டி ஒன்றில் ஏற்றிவிட்டால் போதும். வண்டிக்கு இரண்டு வேண்டும்.

இப்படிக்கு,
டர்பன் வட்டாரத்துப் பிரேக் வேலைக்காரர்கள் சிலர்