35 டிகிரியில பவளம் வாழுதேன்னு கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, மன்னார் வளைகுடாவுல பவளம் வெளுக்குதுன்னு சும்மா ஜனங்கள பயமுறுத்தாதீங்க, அரபு நாட்டுப் பக்கம் பாரசீக வளைகுடாவுல கோடையில தண்ணி 35 டிகிரி வரைக்கும் போகுது, அங்கயே பவளம் உயிரோட இருக்கு, நம்ம பவளமும் பழகிக்கும்னு. அவர் சொன்னதுல பாதி உண்மைதான். ஆனா மீதி பாதிய சொல்லாம விட்டுட்டா அந்த உண்மையே பொய்யா ஆயிடுது, அதனாலதான் உக்காந்து எழுதுறேன். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கரைக்காரன், 2003லேர்ந்து 2019 வரைக்கும் பஹ்ரைன்ல லாஞ்ச்ல மீன்பிடிக்கப் போனவன். படிப்பு பத்தாவதுதான். ஆனா அந்தக் கடல பதினாறு வருஷம் கையால தொட்டிருக்கேன், அதுக்கப்புறம் ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்க விஞ்ஞானிங்க சொன்னதையும் தேடித் தேடிப் படிச்சிருக்கேன்.

முதல்ல அது என்ன மாதிரி கடல்னு சொல்லிடுறேன். ஏன்னா நம்ம ஊர் பேப்பர்ல அந்தக் கடல் வந்தாலே எண்ணெய் கப்பல், ஹோர்முஸ், போர்ப் பதட்டம் இவ்வளவுதான் வரும், அது ஒரு ரோடு மாதிரிதான் நமக்குத் தெரியும். அது வாய் குறுகுன குடம். சுத்தி எட்டு நாடு, கிழக்கால ஹோர்முஸ்ல ஒரே ஒரு வாசல். சராசரி ஆழம் 35 மீட்டர்தான், பெரிய கடல் பாத்தவனுக்கு அது ஆழமே இல்ல. மேல வெயில் கொளுத்துது, மழை கிடையாது, ஆறுன்னு பாத்தா வடக்கால யூப்ரடீஸும் டைகிரிஸும் சேர்ந்து வர்ற ஷத் அல் அரபு முக்கியமானது, அதுலயும் மேல அணை மேல அணையா கட்டி தண்ணி வரத்து குறைஞ்சு போச்சு. அப்ப என்ன ஆகும், ஆவியா போற தண்ணி அதிகம் உள்ள வர்ற நல்ல தண்ணி கம்மி, உப்பு ஏறிக்கிட்டே போகும். நம்ம கடல்ல ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்புன்னா அங்க 40க்கு மேல. பஹ்ரைனுக்குத் தெக்கால சவுதிக்கும் கத்தாருக்கும் நடுவுல சல்வா வளைகுடான்னு ஒண்ணு இருக்கு, அங்க 55ஐயும் தாண்டும். அந்தப் பக்கம் போயிட்டு வந்தா நனைஞ்ச சட்டை காய்ஞ்சு அட்டை மாதிரி விறைச்சு நிக்கும், கையில சின்னக் கீறல் இருந்தாப் போதும் ராத்திரி தூக்கம் வராது.

ஆகஸ்ட் மாசம் தண்ணியில கைய விட்டா குளிக்கக் காயவெச்ச வெந்நி மாதிரி இருக்கும். அதே கடல் ஜனவரியில வடக்கால காத்தடிச்சா 16, 15னு இறங்கிடும், நாங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் மீன் கூடு தூக்குவோம். ஒரே வருஷத்துல 20 டிகிரி ஏறி இறங்குற கடல் அது. அதுல எது உயிரோட இருந்தாலும் அது சாதாரண ஜீவன் இல்ல.

ஆனா இருந்துச்சு. அதத்தான் நான் சொல்லணும். கர்கூர்னு இரும்புக் கம்பியில பின்னுன பெரிய கூடு, கவுத்த கிண்ணம் மாதிரி இருக்கும், அத பார் பக்கம், அதான் கடலடியில பவளம் வளர்ற பாறைத் திட்டு, இறக்கிட்டு நாள் கழிச்சு தூக்குனா களவா வரும், அங்க ஹமூர்ம்பாங்க, விளமீன் வரும், அது ஷேரி, ஓரா வரும் அது சாஃபி. பஹ்ரைன்காரனுக்கு சாஃபின்னா உயிர். ஓரா மீன நம்ம ஊர்ல ரெண்டாம்பட்சமா பாக்குறோம், அங்க வெல போட்டு வாங்குவான். நண்டு கொள்ளையா வரும். கரையோரம் ஈச்ச மட்டையில, பிற்பாடு மூங்கில்லயும் கம்பியிலயும், அம்பு முனை மாதிரி வேலி நட்டு வத்துத் தண்ணியில மீன் பிடிக்கிற பழைய முறை இருந்துச்சு, எனக்கு நம்ம பட்டி வலை ஞாபகம்தான் வரும்.

ஆவுளியாவ, அதான் கடல் பசுவ, பத்தி சொல்லாம விட முடியாது. நம்ம பாக் ஜலசந்தியில எங்க அப்பா காலத்துல வலையில மாட்டும், நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒண்ணே ஒண்ணு தூரத்துல மூச்சு விட்டுட்டு முங்குனது பாத்திருக்கேன். பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவுல ஒரு குளிர்காலத்துல லாஞ்ச நிறுத்திட்டு நாங்க நாலு பேரும் வாயடைச்சு நின்னோம், எண்ண முடியல, அங்கயும் இங்கயும் முதுகு முதுகா தெரியுது, குட்டிய ஒட்டிக்கிட்டு தாய் போகுது. 1986ல அந்தப் பக்கமே வானத்துலேர்ந்து கணக்கெடுத்தப்ப ஒரே கூட்டத்துல 674 ஆவுளியா இருந்துச்சாம். நம்ம நாடு மொத்தத்துக்கும் இன்னிக்கு சில நூறுதான் மிச்சம்னு சொல்றாங்க. ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியா உலகத்துலயே அதிகமா ஆவுளியா இருக்கிறது அந்த உப்புக் கடல்லதான். எதத் தின்னு வாழுதுன்னா தாழை, கடலடியில முளைக்கிற புல்லு. அந்தச் சூட்டையும் உப்பையும் தாங்குற தாழை மூணே வகைதான் அங்க முளைக்குது, அந்த மூணு புல்லுதான் ஆயிரக்கணக்கான ஆவுளியாவுக்கும் பேராமைக்கும் இறால் குஞ்சுக்கும் சோறு போடுது, தொட்டில் கட்டுது.

இன்னும் இருக்கு. கத்தார் பக்கம் அல் ஷாஹீன்னு எண்ணெய்க் கிணறு இருக்கிற கடல்ல, கோடையில சூரை மீன் முட்டை விடுற சமயத்துல, அந்த முட்டையத் தின்ன திமிங்கலச் சுறா நூறு கூடுது. எண்ணெய் மேடைக்கு நடுவுல. நான் நேர்ல பாத்ததில்ல, அங்க வேலை பாத்த நம்ம ஊர்ப் பையன் போன்ல வீடியோ காமிச்சான். ஹவார் தீவுல சொகோட்ரா நீர்க்காகம் அடைகாக்குற சீசன்ல தரையே கருப்பா இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், பவளம். அந்த வாசகர் சொன்ன மாதிரி, மத்த கடல்ல 30, 31 டிகிரி தாண்டி சில வாரம் நின்னா வெளுத்துப்போற பவளம் அங்க 34, 35 வரைக்கும் தாங்குது. ஏன் தாங்குது? பவளத்து உடம்புக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு, அதுதான் வெயில வெச்சு சமைச்சு பவளத்துக்கு சோறு போடுறது. சூடு ஏறுனா பவளம் அந்தப் பாசிய வெளிய தள்ளிடும், அதுதான் வெளுக்கிறது, ரொம்ப நாள் அப்படியே இருந்தா பட்டினியில செத்துடும். பாரசீக வளைகுடா பவளத்துக்குள்ள இருக்கிற பாசி வேற ஜாதி, சூடு தாங்குற ஜாதின்னு 2015ல கண்டுபிடிச்சு பேரு வெச்சாங்க.

ஆனா அது எப்படி வந்துச்சுன்னு யோசிக்கணும். பனி யுகத்துல, இன்னிக்கு இருக்கிற அந்தக் கடலே இல்ல, மொத்தமும் காய்ஞ்ச தரை, நடுவுல ஆறு ஓடிச்சு. அப்புறம் கடல் மட்டம் ஏறி தண்ணி மெள்ள மெள்ள உள்ள வந்து, இன்னிக்கு இருக்கிற மாதிரி நிறைஞ்சு ஏறக்குறைய 6,000 வருஷம் ஆச்சு. அந்த ஆயிரக்கணக்கான வருஷமும் செத்தது செத்து தாங்குனது நின்னு அப்படி வந்த பவளம் அது. செங்கடல்ல பவளம் முன்னூறு வகைக்கு மேல இருக்கு, இங்க நிக்க முடிஞ்சது அதுல சின்னப் பங்கு, அறுபது வகை தேறுனா பெரிசு. மத்ததெல்லாம் பழகிக்கல ஐயா, இல்லாமலே போச்சு. இத அந்த வாசகர் தயவு செஞ்சு நினைச்சுப் பாக்கணும். நம்ம கடல் சூடாகறது முப்பது நாப்பது வருஷக் கணக்கு, அது ஆயிரம் வருஷக் கணக்கு.

சரி, அந்தப் பவளத்தையே கொண்டு வந்து இங்க நட்டா என்னன்னு கேக்கலாம், நானும் அப்படித்தான் நினைச்சேன். அதையும் சோதிச்சுப் பாத்திருக்காங்க. அந்தப் பாசியும் பவளமும் சூட்டுக்கு மட்டும் பழகல, அந்த உப்புக்கும் சேர்த்துப் பழகிடுச்சு. சாதாரண உப்புத் தண்ணியில விட்டா சூடு தாங்குற சக்தி குறைஞ்சு போகுது. அதனாலதான் அந்தப் பாசி ஹோர்முஸ் தாண்டி வெளிய பெருசா பரவல.

அப்புறம் முக்கியமானது, அப்படி உருவான பவளமே இப்ப தாங்கல. 1996, 1998 ரெண்டு தடவையும் வெளுத்து, மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு வளர்றதெல்லாம் தெக்குப் பக்கம் பெரும்பாலும் போச்சு. பஹ்ரைனுக்குக் கிழக்கால ஃபஷ்த் அல் அதம்னு பெரிய பார், எங்க லாஞ்ச் தலைவர், நகுதான்னு சொல்லுவோம், பஹ்ரைன்ல முஹரக்ங்கிற ஊர்க்காரர், வயசானவர், சின்ன வயசுல அங்க முங்கி மீன் குத்துனதா சொல்லுவாரு, என்னென்ன கலர் இருந்துச்சுன்னு கையால காமிப்பாரு, அவருக்கு வார்த்தை வராது. நான் போனப்ப அங்க சாம்பல் கலர்ல உடைஞ்ச கல்லு, மேல சேறு. முதல்ல கரை நிரப்புறதுக்கு மண் தோண்டுனதுல பாதி மூடிப்போச்சு, மிச்சத்த சூடு தின்னுச்சு. கூடு தூக்குனா அதுல செத்த பவளக் கிளை மாட்டிக்கிட்டு வரும், அத எடுத்து கடல்ல போடுறப்ப அவர் முகத்தப் பாக்க முடியாது.

2017 கோடை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வழக்கமா ஷமால்னு வடமேற்குக் காத்து அடிக்கும், தூசியா இருக்கும், எங்களுக்கு அது தொல்லைதான், ஆனா அந்தக் காத்துதான் கடல குளிர வைக்கிறது, நம்ம மண்பானை மேல காத்துப் பட்டா தண்ணி குளிருற மாதிரி. அந்த வருஷம் காத்து சரியா அடிக்கல. தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி கிடந்து கொதிச்சுது. அபுதாபி பக்கம் 100க்கு 94 பவளம் வெளுத்துச்சு, ஏப்ரல்லேர்ந்து செப்டம்பருக்குள்ள மூணுல ரெண்டு பங்கு செத்துப் போச்சு. உலகத்துலயே சூடு தாங்குற பவளம் அது. அதுக்கு எல்லை 35ன்னா கடல் 36 போச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். நமக்கு காய்ச்சல் 98லேர்ந்து 104 போனா என்ன ஆகும், அப்படி.

பவளம் போனா யாருக்கு என்னன்னு கேக்குறவங்களுக்கு, பார் செத்தா களவா போச்சு, அவ்வளவு சிம்பிள். கடைசி வருஷங்கள்ல ஹமூர் சிறுசு சிறுசாத்தான் வந்துச்சு, முட்டை போடுற வயசு வர்றதுக்கு முன்னாடியே பிடிபட்டுடுது. அதுல எங்களுக்கும் பங்கு உண்டு, அத மறைக்க மாட்டேன். அளவு குறைஞ்சத திருப்பி விடச் சொன்னா கபில், அதான் எங்கள வேலைக்கு எடுத்த அந்த ஊர் முதலாளி, திட்டுவான், நாங்களும் சம்பளத்துக்குப் பதிலா பங்கு வாங்குறவங்க, எடுத்து ஐஸ்ல போட்டோம். புயல்ல கயிறு அறுந்து போன கூடு எத்தனை கடலடியில கிடக்கோ, அது யாருக்கும் இல்லாம மீனப் பிடிச்சு கொன்னுக்கிட்டே இருக்கும். அத நினைச்சா இப்பவும் மனசு உறுத்துது.

அந்தக் கடல் மேல விழுந்த அடி ஒண்ணா ரெண்டா. 1991 போர்ல அறுபது லட்சம் பீப்பாய்க்கு மேல எண்ணெய் கடல்ல கொட்டுச்சு, சவுதி கரையில நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒட்டிக்கிச்சு. தண்ணி மாறி வெளிய போக வருஷக்கணக்குல ஆகுற கடல் அது, உள்ள விழுந்தது உள்ளயே கிடக்கும். 2008-09ல செவ்வலைன்னு, கடலையே சிவப்பாக்குற நுண்பாசி, மாசக்கணக்குல பரவி மீன் செத்து மிதந்து குடிதண்ணி பிளான்ட் சிலத நிறுத்த வேண்டியதாப் போச்சு. அங்க குடிக்கிறதே கடல் தண்ணிதான், உப்பப் பிரிச்சு எடுத்துட்டு மிச்சமிருக்கிற சூடான உப்பு ஜாஸ்தித் தண்ணிய திரும்ப கடல்லயே விடுறாங்க. இத்தனைக்கும் பஹ்ரைன்னாலே ரெண்டு கடல்னு அர்த்தம். உப்புக் கடலுக்கு அடியில நல்ல தண்ணி ஊத்து பொங்குமாம், முத்துக்குளிக்கிறவன் தோல் பையோட முங்கி அடியில குடிதண்ணி பிடிச்சுக்கிட்டு மேல வருவானாம். நிலத்தடித் தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி அந்த ஊத்து பெரும்பாலும் நின்னு போச்சு. நகுதாவோட அப்பா அந்தத் தண்ணி குடிச்சவரு. துப்ளின்னு ஒரு குடா, அங்கதான் பஹ்ரைன்ல மிச்சமிருக்கிற அலையாத்திக் காடு, அதுவும் கரை நிரப்பி நிரப்பி பாதியாச் சுருங்கிடுச்சு. இறால் குஞ்சு எங்க போயி வளரும்?

இதெல்லாம் அடுத்த நாட்டுக் கதைன்னு விட்டுடலாம். ஆனா மன்னார்ல 2010லயும் 2016லயும் நம்ம பவளம் வெளுத்து செத்ததும் நடந்த கதைதான். நம்ம பவளத்துக்கு எல்லை 30 டிகிரிக்கு கொஞ்சம் மேல. அதுக்கு 6,000 வருஷப் பயிற்சி கிடையாது, சூடு தாங்குற அந்தப் பாசியும் கிடையாது. பாக் ஜலசந்தியில 2022ல 448 சதுர கிலோமீட்டர் கடல ஆவுளியாவுக்காக காப்பகமா அறிவிச்சாங்க, எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனா தாழை வெந்து போச்சுன்னா அறிவிப்பத் தின்னு ஆவுளியா வாழாது.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ், நமக்கு மீன் எங்க கிடைக்கும்னு தகவல் குடுக்குறவங்க, அவங்களே பவளம் வெளுக்கிற ஆபத்து எந்தக் கடல்ல எவ்வளவுன்னு எச்சரிக்கையும் போடுறாங்க. அது கடலுக்குப் போறவன் கைக்கு வர்றதே இல்ல. நீங்க தினமும் தங்கம் வெல போடுறீங்க, தினார் எவ்வளவு ரியால் எவ்வளவுன்னு போடுறீங்க. அதுக்குக் கீழ ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமாவது மன்னார் கடல் சூடு இன்னிக்கு எவ்வளவு, எச்சரிக்கை உண்டா இல்லையான்னு ஒரே வரி போடுங்க. அது ஏறுற அன்னிக்கு பார் மேல நங்கூரம் போடாம, வலைய இழுக்காம நாங்களாவது ஒதுங்கிப் போவோம், ஏற்கெனவே காய்ச்சல்ல கிடக்கிறத மிதிக்க வேண்டாம்ல. எங்க ஊர் டீக்கடையில காலையில பேப்பர உரக்கப் படிக்கிறது நான்தான், அந்த வரியத்தான் முதல்ல படிப்பேன்.

இப்படிக்கு,
பஹ்ரைன்லேர்ந்து திரும்பி வந்த ஒரு கடல் தொழிலாளி,
ராமநாதபுரம் மாவட்டம்