உயரத்தைத் தாமதமாகக் காட்டும் கைக்கடிகாரம்: சென்சாரை மாற்றித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விளையாட்டுக் கைக்கடிகாரத்தின் உயரமானிக் கோளாறு, 5ஆவது புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்தை வாங்கி 11 மாதங்கள் ஆகின்றன. கடந்த 3 மாதங்களாக அதில் உயரம் தவறாகக் காட்டுகிறது. இதுவரை 4 முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "காலிபரேஷன் செய்து பாருங்கள், வானிலை மாறினால் இப்படி ஆகும்" என்றே பதில் வருகிறது. இது காலிபரேஷனால், அதாவது தெரிந்த ஓர் உயரத்துக்கு எண்ணைத் திருத்தி வைப்பதால், சரியாகிற கோளாறு இல்லை. ஏன் இல்லை என்பதை இந்த முறை அளவுகளோடு எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுப் பதில் அனுப்புங்கள்.

நான் வாரத்துக்கு 3 நாள் மலைப்பாதையில் ஓடுகிறேன். பாதை தொடங்கும் இடம் 340 மீட்டர், உச்சியில் உள்ள அளவைக் கல் 655 மீட்டர். இரண்டும் வரைபடத்தில் உள்ள உயரங்கள். முதல் 8 மாதங்கள் உங்கள் கடிகாரம் இந்த இரண்டு இடத்திலும் 5, 6 மீட்டருக்கு மேல் பிசகியதில்லை. அவ்வளவு நம்பினேன் அதை.

இப்போது நடப்பது இது. கிளம்பும்போது 340 என்று சரியாக வைத்துவிட்டுத்தான் ஓடுகிறேன். உச்சியைத் தொடும்போது கடிகாரம் 598 காட்டுகிறது. அங்கிருந்து திரும்பி இறங்கத் தொடங்கிய பிறகும் சுமார் 3 நிமிடத்துக்கு எண் ஏறிக்கொண்டே போய், 612இல் நின்று, அப்புறம்தான் குறைகிறது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றால் 415 என்கிறது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் 20 நிமிடத்தில் அதுவாகவே 343க்கு வந்துவிடுகிறது. 315 மீட்டர் ஏறியதற்கு 272 மீட்டர்தான் ஏற்றம் என்று பதிவாகிறது.

இதை வானிலை என்கிறீர்கள். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அதை அளந்துதான் இந்தக் கடிகாரம் உயரத்தைக் கணக்கிடுகிறது. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால் உயரம் ஏறக்குறைய எட்டரை மீட்டர் மாறித் தெரியும். அப்படியென்றால் 75 மீட்டர் பிழைக்கு ஒரு மணி நேரத்துக்குள் 8, 9 ஹெக்டோபாஸ்கல் மாறியிருக்க வேண்டும். அது புயல் நெருங்கும்போது நடக்கிற மாற்றம். நான் ஓடிய நாட்களில் காற்றுகூடச் சரியாக வீசவில்லை. அதைவிட, என்னோடு அதே பாதையில் ஓடிய நண்பரின் கடிகாரம், உங்கள் நிறுவனத்தின் இதே மாடல், திரும்பி வந்ததும் 344 காட்டியது. வானிலை இருவருக்கும் ஒன்றுதானே? அது மாறியிருந்தால் இரண்டு கடிகாரமும் சேர்ந்தே தவறியிருக்கும். நான் உட்கார்ந்ததும் பிழை தானாகக் கரைந்தும் போகாது.

காலிபரேஷன் என்பது தொடக்க எண்ணைச் சரிசெய்வது மட்டும்தான். என் கடிகாரத்தில் தொடக்க எண் சரியாகவே இருக்கிறது. வெளியே மாறும் அழுத்தம் சென்சாருக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது என்பதுதான் கோளாறு. ஓடும்போது ஜிபிஎஸ் மூலம் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியைப் போடச் சொன்னீர்கள், அதையும் போட்டுப் பார்த்தேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேல் பக்கமே இருப்பதால் அதில் கிடைக்கும் உயரம், கிடைமட்ட இடத்தைவிடப் பிழை கூடியது. அதனால்தான் காற்றழுத்தச் சென்சார் உள்ள மாடலைத் தேடி வாங்கினேன்.

தாமதத்தை உறுதிசெய்ய 2 சோதனைகள் செய்தேன். இரண்டு கடிகாரங்களையும் ஒரே கையில் கட்டிக்கொண்டு 3 நிமிடத்தில் 10 மாடி ஏறினேன். ஒரு மாடிக்கு 3 மீட்டர், மொத்தம் 30. மேலே போய் நின்றதும் நண்பருடையது 30 என்றது, என்னுடையது 6 என்றது. அசையாமல் நின்றேன். 15 நிமிடம் கழித்து என்னுடையது 28க்கு வந்தது.

அடுத்தது எளிது, உங்கள் பணியாளர் யாரும் மேசையிலேயே செய்து பார்க்கலாம். கடிகாரத்தை உள்ளங்கைக்குள் இறுக்கமில்லாமல் மூடி வைத்துக்கொண்டேன். சில நிமிடத்தில் உயரம் 38 மீட்டர் குறைந்தது. மேசைமேல் வைத்ததும் எதிர்ப்பக்கமாக ஏறி, பிறகு மெல்லப் பழைய எண்ணுக்கு வந்தது. நண்பருடையதில் 1 மீட்டர்கூட மாறவில்லை. இதற்கு ஒரே விளக்கம்தான் எனக்குத் தெரிகிறது: வெளிக்காற்று சென்சாருக்குப் போகும் துளைக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. அடைபட்ட காற்று 1 டிகிரி சூடானாலே அதன் அழுத்தம் ஏறக்குறைய 3.5 ஹெக்டோபாஸ்கல் கூடும், அது கடிகாரத்துக்கு 30 மீட்டர் இறங்கியதுபோலத் தெரியும். துளை திறந்திருந்தால் கையின் சூடு ஒன்றும் செய்யாது.

துளையைச் சுத்தம் செய்தீர்களா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவியிருக்கிறேன். கோளாறு தொடங்கியதும் ஸ்ட்ராப்பைக் கழற்றி, மிதமான சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அலசி, 2 நாள் உலரவிட்டேன். 3 முறை இப்படிச் செய்தும் பலனில்லை. ஊசியோ குச்சியோ விடவில்லை, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும் என்று தெரியும். மென்பொருள் அப்டேட், ஃபேக்டரி ரீசெட் எல்லாம் நீங்கள் சொன்ன அன்றே முடித்தாயிற்று.

உங்கள் 3ஆவது பதிலில் ஒரு வரி இருந்தது, வியர்வை உப்பால் அடைப்பு ஏற்பட்டிருந்தால் அது பயன்பாட்டுச் சேதம், வாரன்டியில் வராது என்று. படித்ததும் மனது மிகவும் வருத்தப்பட்டது. ஓடுபவர்களுக்காகச் செய்து, 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்ற கடிகாரம் இது. ஓடினால் வியர்க்கும். வியர்வையைத் தாங்கவில்லை என்றால் அது என் தவறாக எப்படி ஆகும்?

பதிவில் எண் குறைவதற்காக மட்டும் நான் இவ்வளவு எழுதவில்லை. போன மாதம் அதே மலையின் மறுபக்கம் மூடுபனியில் இறங்கினேன். 480 மீட்டரில் இடப்பக்கம் பிரியும் கிளைப்பாதையைப் பிடிக்க வேண்டும். பத்தடிக்கு மேல் கண் தெரியாததால் உயரத்தை நம்பித்தான் நடந்தேன். கிளைப்பாதையைக் கடந்தபோது கடிகாரம் 544 காட்டியிருக்கிறது. பின்னர் பதிவை எடுத்துப் பார்த்துத்தான் அது தெரிந்தது. அது 480 என்று சொன்னபோது நான் 400க்கு வந்துவிட்டிருந்தேன். சரியான பாதைக்குத் திரும்ப 40 நிமிடம் ஆனது, அதற்குள் இருட்டிவிட்டது. அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதே கோளாறோடு இன்னொருவர் இன்னும் செங்குத்தான மலையில் இருந்திருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். சென்சாரையோ கடிகாரத்தையோ வாரன்டியின் கீழ் மாற்றித் தாருங்கள். பழுதுபார்த்து அனுப்புவதென்றால் மேலே சொன்ன உள்ளங்கைச் சோதனையைச் செய்து, அதன் அளவுகளை எழுதி இணைத்து அனுப்புங்கள். நான் எழுதி எழுதிக் காத்திருந்த இந்த 3 மாதங்களை வாரன்டிக் காலத்தில் கூட்டித் தாருங்கள். அப்புறம், உயரம் தவறுகிறது என்று யாராவது எழுதினால் உங்கள் பணியாளர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: "அசையாமல் நின்றால் எண் தானாகச் சரியாகிறதா?" ஆம் என்றால் காலிபரேஷன் செய்யச் சொல்லி அவர்களை அலைக்கழிக்க வேண்டாம்.

3 ஓட்டங்களின் பதிவுக் கோப்புகளையும், இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்து எடுத்த காணொளியையும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் இதே ஆதாரங்களோடு போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பதிவுக் கோப்புகள் 3, காணொளி 1, முந்தைய 4 புகார்களும் உங்கள் பதில்களும்