பதினோராம் பக்கத்துக் கட்டளை

கிளமெண்டி, சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளுக்கு நீ எழுதிய கையேட்டை மூன்று வாரம் திறக்காமலே வைத்திருந்தது என் தப்புதான், திட்டிக்கொள். அம்மா நலம். சின்னவளுக்குப் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு; வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்பது பக்கக் கையேட்டில் முதல் கட்டளையே பதினோராம் பக்கத்தில்தானா! அதுவரை 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை ஏன் எழுதினார் என்ற தலபுராணம். இரவு ஒன்பது மணிக்கு, வேலையை இணையத்துக்கு அனுப்பும் 'புஷ்' போகாமல் விழிக்கும் ஆய்வு மாணவிக்கு அது எதற்கடா? சுற்றிச் சுற்றியே வரும் நம் மின்விசிறி சார் பாணி.

சில்லறைப் பிழைகளை முதலில் முடித்துவிடுகிறேன். கிளை (வேலையின் தனிப் பாதை) மாற்றவும் கோப்பை மீட்கவும் செக்அவுட் கட்டளை ஒன்றையே சொல்லிக் குழப்புகிறாய். 2019இல் வந்த 2.23 பதிப்பிலேயே கிளைக்கு ஸ்விட்ச், கோப்புக்கு ரீஸ்டோர் என்று தனித்தனிக் கட்டளைகள் வந்துவிட்டன. புஷ் செய்யும்போது, கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் கடவுச்சொல்லைத் தட்டச் சொல்கிறாய். 2021 ஆகஸ்ட் 13இலிருந்து அது செல்லாது, கடவுச்சொல்லுக்குப் பதிலான டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். கமிட் செய்ய, அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யப் போய், விம் என்ற எழுதும் கருவி திறந்துகொண்டால் வெளியே வரும் வழியைக் காணோம். எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ, என்டர். இந்த ஒரு வரிக்காக உன் புராணம் முழுவதையும் தூக்கிப் போடலாம்.

என் சண்டையெல்லாம் பதினெட்டாம் பக்கத்தோடு. "பெரிய கோப்புகளைத் தவிர்க்கவும்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். தவிர்த்தவர் ஏன் அந்தப் பக்கத்துக்கு வரப்போகிறார்? 180 எம்பி நுண்ணோக்கிப் படத்தைக் கமிட் செய்தவர்தான் வருவார். கிட்ஹப் 100 எம்பிக்கு மேல் வாங்காது, புஷ்ஷைத் திருப்பி அனுப்பும். அவர் உடனே படத்தை அழித்து மறுபடி கமிட் செய்வார். மறுபடியும் அதே பிழை! பைத்தியம் பிடிக்கும். புதிய கமிட்டில் படம் இல்லை, சரி. பழைய கமிட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புஷ்ஷில் இரண்டும் சேர்ந்துதானே போகும்?

அந்தப் பக்கம் இப்படி இருக்கட்டும். முதலில் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் நகல் எடுக்கச் சொல். படம் கடைசி கமிட்டில் மட்டும் இருந்தால், கிட் ஆர்எம் இரட்டைக்கோடு கேஷ்ட், படத்தின் பெயர். அடுத்து கிட் கமிட் இரட்டைக்கோடு அமென்ட். படம் வட்டில் இருக்கும், கமிட்டிலிருந்து போய்விடும். இடையில் நாலைந்து கமிட் ஆகிவிட்டால், அந்தக் கிளையில் அவர் ஒருவரே வேலை செய்கிறார் என்றால் மட்டும், கிட் ரீசெட் இரட்டைக்கோடு சாஃப்ட் ஆரிஜின் சாய்கோடு மெயின் (புஷ் ஆகாத கமிட்டுகளை மட்டும் கலைக்கும், கோப்புகளைத் தொடாது). பிறகு அதே ஆர்எம், ஒரே புது கமிட், புஷ். சாஃப்ட் என்பதற்குப் பதில் ஹார்ட் என்று அடித்தால் என்ன போகும் என்பதையும் அங்கேயே எழுது, அடிக்குறிப்பில் ஒளிக்காதே. கிட் சேர்க்க வேண்டாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் பெயரைச் சேர்ப்பது அதற்கப்புறம்தான்; ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை அது தடுக்காது. பாதிப் பேர் விழுவது இந்தக் குழியில்தான்.

ஒவ்வொரு கட்டளைக்குக் கீழும் கிட் ஸ்டேட்டஸ் என்ன காட்டும் என்று இரண்டு வரி போடு. திரை பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இனி விளையாட்டில்லை. கமிட்டுக்குக் கோப்புகளைச் சேர்க்க உன் முதல் எடுத்துக்காட்டே 'கிட் ஆட் புள்ளி'. உங்கள் குழுவில் நோயாளிகளின் அடையாள அட்டை எண்ணோடு எக்செல் கோப்புகள் அதே கோப்புறையில் கிடக்கும். புள்ளி எல்லாவற்றையும் அள்ளும். பெயர் சொல்லித்தான் ஆட் செய்ய வேண்டும் என்று மாற்று, இன்றைக்கே. தெரியாமல் புஷ் ஆகிவிட்டால் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி பழைய கமிட்டுகளின் வரலாற்றைத் திருத்தும், ஆனால் அதற்குள் மற்றவர் எடுத்த நகலை அது தொடாது. ஆகவே கட்டளையைத் தேடுமுன் தரவுப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் அந்தப் பக்கத்தின் முதல் வரி.

சனிக்கிழமை தேக்காவுக்கு வா, தே தாரிக் என் செலவு. கிட் என்றாலே என்னவென்று தெரியாத ஒருவரைக் கூட்டி வா. அவர் படித்துச் செய்யட்டும், நாம் வாயை மூடிக்கொண்டு பார்ப்போம். உனக்குக் கஷ்டம்தான், தெரியும். மடிக்கணினி வின்டோஸாக இருக்கட்டும். அதில் கிட் காட்டும் வரிமுடிவுக் குறி பற்றிய எச்சரிக்கை உன் மேக்கில் வராது, அதனால்தான் கையேட்டிலும் அது இல்லை.

உன்,
குட்டை ரவி