ஒரு சாண் குறைந்த வளையம்

எங்கள் ஊர் விளையாட்டுத் திடலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்த் திடலில் கூடைப்பந்துக் கம்பம் மணலில் இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. நான் கொடுத்த மூன்று மனுக்களின் ரசீதுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நான்காவதையும் வழக்கம்போல் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். சென்ற மாதம் மதுரையில் நடந்ததைப் பார்த்த பிறகு, எல்லோரும் படிக்கும்படி எழுதுவதென்று முடிவு செய்தேன்.

விளையாட்டு விடுதிக்கான தேர்வு அது. எங்கள் திடலில் ஆடும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அழைத்துப் போயிருந்தேன். அவள் அம்மா தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுப்பவர். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறித்த பாசியை விற்ற காசில் மகளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார். அதிகாலை மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். ஷூவில் மண் பட்டுவிடும் என்று மதுரை வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் திடலில் பத்து ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று கூடைக்குப் பந்து, எறிந்தால் எட்டை உள்ளே போடுகிற கை அவளுடையது. மதுரையில் இரண்டுதான் விழுந்தன. மீதி எட்டும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தன. பதற்றத்தில் தவறும் பந்து இடமும் வலமுமாகச் சிதறும். இவளுடைய பந்துகள் பிசகாமல் நேராகப் போய், ஒவ்வொன்றும் அதே அளவுக்குக் குட்டையாக விழுந்தன. ஐந்தாவது பந்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கோட்டுக்கு வெளியே நின்ற என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "டீச்சர், நான் சரியாகத்தானே போட்டேன்?"

ஊர் திரும்பியதும் படகு கட்டும் ஓடாவியிடம் அளவு நாடா வாங்கி, ஏணி வைத்து ஏறி அளந்தேன். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் கணக்கில் பத்தடி. எங்கள் வளையம் இருப்பது 2.86 மீட்டரில். ஏறத்தாழ ஒரு சாண் குறைவு. மூன்று ஆண்டுகளாக அந்த உயரத்துக்கே எறிந்து எறிந்து அவள் மணிக்கட்டு அதையே பாடமாக்கிக்கொண்டிருக்கிறது. கம்பம் இறங்கிவிட்டது என்று மனு எழுதிய நானே, எவ்வளவு இறங்கியது என்று அளக்காமல் இருந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வு என்னைத் தூங்கவிடவில்லை. உங்களையும் அது கொஞ்சம் தொட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். வளையத்தைப் பத்தடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த நாட்டில் கூடைப்பந்தை நம்பி வாழ்பவர்களின் பாதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்டு முழுக்கச் சம்பளம் கொடுக்கும் தொழில்முறை லீக் இங்கே வேரூன்றவில்லை. விடுதியில் ஓர் இடம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளில் வேலை. நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வழி இதுதான். இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, பத்மஸ்ரீ விருதுக்கு 2021-இல் தேர்வான சென்னையின் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்தான். பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் மாவரிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவரை, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணி ஒன்று தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை. அவர் பயிற்சிக்காக அமெரிக்கா போனபோது வயது 14. முப்பதைத் தாண்டினால் முழங்கால் கணக்குக் கேட்கத் தொடங்கும் ஆட்டம் இது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு போனால் போனதுதான்.

சும்மா உட்கார்ந்து உங்களையே குறை சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகுகள் கரையில் நிற்கும்போது, பிள்ளைகளின் அப்பாக்கள் கயிறும் கப்பியுமாக வந்தார்கள். கம்பத்தைத் தூக்கி, அடியில் கான்கிரீட் போடத் தங்கள் செலவில் சிமென்டும் கொண்டுவந்திருந்தார்கள். அரசுச் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று உங்கள் ஊழியர் ஒருவர் தடுத்துவிட்டுப் போனார். நாங்கள் தொடக்கூடாத கம்பத்தை நீங்களும் தொடுவதில்லை என்றால், அது யாருக்காக அங்கே நிற்கிறது?

எங்கள் கடற்கரையின் பெயர் செய்தியில் வருவது அப்பாக்கள் நடுக்கடலில் சிறைபிடிக்கப்படும்போதுதான். அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு ஓடி வருகிறார்கள். அவர்கள் கடலுக்குப் போகாமல், வளைகுடா நாட்டு விசாவுக்குக் கடன் வாங்காமல், தங்கள் கையால் ஒரு வேலைக்குப் போகக்கூடிய வாசல் அந்த வளையம். அரசு வேலையில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்லும்போது அவர்கள் கண்கள் விரிவதை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

கோபத்தில் கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். பழைய கம்பத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம். இந்த உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் போனால் பெயின்ட் உரிந்து, துரு உள்ளே இறங்கிவிடுகிறது. துத்தநாகக் குழம்பில் முக்கி எடுத்த கம்பமாக நிறுத்துங்கள். மணல் தரை என்பதால் கான்கிரீட் அடித்தளம் ஆழமாக வேண்டும். வளையத்தின் உயரம் பத்தடி, 3.05 மீட்டர். வேலை முடிந்ததும் எங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அவள் மறுபடி போகப்போகிறாள். புதிய உயரம் அவள் கையில் படிய எப்படியும் ஆறு மாதமாவது ஆகும். ஆகவே மழைக்காலத்துக்கு முன் இதை முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆட்கள் எந்த நாளில் வந்தாலும் சரி. மாலை ஐந்து மணிக்கு மேல் நாங்கள் திடலில்தான் இருப்போம். ஏணி எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தரும் ஆசிரியை