விற்றது ஒன்று, பூட்டியது ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, கூடவே அந்தச் சட்டத்தின் 44(3) பிரிவும் அமலுக்கு வந்தது. இது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை வெட்டிச் சுருக்கிவிட்டது. இதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதாகவே தெரியவில்லை.

முன்பெல்லாம் ஒருவரின் சொந்தத் தகவலைத் தர மறுக்க வேண்டுமானால், அதற்கும் பொது வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்றோ, தந்தால் அவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் மூக்கை நுழைத்ததாகும் என்றோ அதிகாரி காட்ட வேண்டும்; நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது அதெல்லாம் போய்விட்டது. தனிநபர் தகவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவை மூடிவிடலாம்.

ஊழல் என்பது பெயர்களில்தானே ஒளிந்திருக்கிறது? நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி, இவ்வளவுதான் அதில் இருக்கும். பெயரை மறைத்துவிட்டால் செத்தவர் பெயரில் கூலி போனதா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர் இங்கே மண் வெட்டியதாகக் கணக்கு எழுதினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1994-ல் ராஜஸ்தானில் கிராமத்து ஜனங்களைக் கூட்டி வைத்து, வேலைக் கணக்கைப் பெயர் பெயராகச் சத்தமாக வாசித்தார்கள், வேலையே பார்க்காதவர் பெயரெல்லாம் வெளியே வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்ததே அங்கேதான். 1997-லேயே நாட்டில் முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, அதனால் நமக்கு இது கூடுதலாகவே உறைக்க வேண்டும்.

சரி, மக்கள் அந்தரங்கத்தின் மேல் அவ்வளவு அக்கறை என்றால் 2019-ல் என்ன நடந்தது? வண்டிப் பதிவுத் தரவை மொத்தமாக விற்க மத்திய அரசு கொள்கையே வகுத்தது, தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் விலை. வண்டிப் பதிவு விவரம் இருக்கும் வாகன், ஓட்டுநர் உரிம விவரம் இருக்கும் சாரதி என்ற அரசுத் தரவுகளைப் பார்க்க 87 தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்ததாகவும் அதில் ஏறக்குறைய 65 கோடி வந்ததாகவும் அமைச்சர் நிதின் கட்கரியே மாநிலங்களவையில் பதில் தந்தார். வேறு தரவோடு சேர்த்துப் பார்த்தால் ஆளை அடையாளம் கண்டுவிட முடியும் என்பது அந்தக் கொள்கையிலேயே எழுதியிருந்தது! 2020 ஜூனில் அதைக் கைவிட்டார்கள். கொள்கையைக் கைவிடலாம், கைமாறிய தரவைத் திரும்ப அள்ளிக்கொண்டு வர முடியுமா? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேறு வழியில்லாமல் நாம் கொடுத்த விவரம் அது, விற்கலாமா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை.

ஒரு வழி மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. பொது நலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுப் போடுகிறவர்கள் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, இதில் பொது நலன் என்ன என்பதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். மாநில அரசு தன் பங்குக்கு, வேலைக் கணக்கையும் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலையும் ஒவ்வொரு ஊராட்சியிலும் பெயரோடு ஒட்டி வைக்கச் சொல்லி ஆணை போட வேண்டும். தனிநபர் தகவல் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கி நீங்கள் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கும்பகோணம்